மொட்டை மாடி இல்லாமல் வத்தல்: வீட்டு டீஹைட்ரேட்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்தபோது கைவிட்டுப் போனது மொட்டை மாடி. சாவி அசோசியேஷன் ஆள்களிடம் இருந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்கி, சித்திரை வெயிலில் கொத்தவரங்காய் பரப்பினால் நாலு நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. திருநெல்வேலியில் அத்தை போட்டால் இரண்டே நாளில் கலகலக்கும். "உங்க ஊரு வெயிலுக்கு என்ன கேடு?" என்று போனில் கேட்டார்.

வெயிலுக்குக் கேடில்லை, காற்றுக்குத்தான். வெயிலில் உணவை உலர்த்த வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேலும், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடலோர ஊரில் முதல் பாதி எளிதாகக் கிடைக்கும், இரண்டாவது பாதி பல நாள் கிடைக்காது. அப்புறம் காக்கை, தூசி, திடீர் மழை. இதற்கெல்லாம் பதிலாகத்தான் மின்சார டீஹைட்ரேட்டர் வாங்கினேன். ஐந்து வருடமாக ஓடுகிறது. முதல் வருடம் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்திரம் என்ன செய்கிறது?

உள்ளே இருப்பது மூன்றே சமாச்சாரம்: சூடாக்கும் கம்பி, ஒரு மின்விசிறி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். பலர் இதைச் சின்ன ஓவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓவன் உணவைச் சூடாக்குகிறது. டீஹைட்ரேட்டர் காற்றைச் சூடாக்குகிறது. காற்று சூடானால் அதற்குத் தாகம் எடுக்கும். ஐப்பசி மழையில் 28 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 57 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் கிட்டத்தட்ட 20 சதவீதமாக இறங்கிவிடும். அதனால்தான் வெளியே மழை கொட்டும்போதும் உள்ளே தக்காளி காய்கிறது.

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வேலை செய்வது காற்று. அது ஒவ்வொரு துண்டையும் சுற்றிப் போக இடம் வேண்டும். ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியே போக வழியும் வேண்டும். 2 கிலோ தக்காளியைக் காயவைத்தால் 1.8 லிட்டருக்கு மேல் தண்ணீர் உங்கள் அறைக் காற்றில் கலக்கிறது. கதவு ஜன்னலைச் சாத்திய சமையலறையில் வைத்தால் எந்திரம் தான் விட்ட ஈரத்தையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள்.

வாங்கும்போது

இரண்டு வகை உண்டு. ஒன்று, வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. விசிறி அடியிலோ மேலேயோ இருக்கும். விலை குறைவு. ஆனால் விசிறிக்கு அருகில் இருக்கும் தட்டு முதலில் காயும், தள்ளி இருப்பது பின்தங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். மற்றது பெட்டி வகை. விசிறி பின்பக்கம் இருக்கும், காற்று எல்லாத் தட்டுக்கும் குறுக்கே வீசும். விலை கூடுதல், வேலை குறைவு. மோர் மிளகாய், சுண்டைக்காய் என்று மோரில் ஊறியதைப் போடுகிற நம் வீடுகளுக்கு நான் பெட்டி வகையைத்தான் சொல்வேன். அடியில் கம்பியும் விசிறியும் உள்ள எந்திரத்தில் மோர் சொட்டினால் நேரே கம்பிமேல் விழும். கையில் இருப்பது அந்த வகை என்றால் துண்டுகளை நன்றாக வடித்த பிறகே தட்டில் போடுங்கள், அடித்தட்டில் ஒரு ஷீட்டையும் (தட்டின்மேல் போடும், ஓட்டையில்லாத விரிப்பு) விரியுங்கள்.

35 முதல் 70 டிகிரி வரை வெப்பத்தைத் திருப்பி வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஆன், ஆஃப் மட்டும் உள்ளவை வேண்டாம். இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது கதை.

மின்சாரச் செலவைக் கேட்பார்கள். 400 வாட் எந்திரம் 10 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 4 யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே கம்பியை அணைப்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். ஆனாலும் தக்காளிப் பொடி செய்து காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இதை வாங்காதீர்கள். கடையில் கிடைக்காத ருசிக்காகத்தான் இது.

முதல் நாள்

தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எதையும் வைக்காமல் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். புதுப் பிளாஸ்டிக், எண்ணெய் வாடை போய்விடும். அப்போதே உள்ளே ஒரு ஓவன் தெர்மோமீட்டரை வைத்துப் பாருங்கள். டயல் 60 என்று சொல்லும்போது உள்ளே 53 இருக்கலாம், 67-உம் இருக்கலாம். உங்கள் எந்திரத்தின் வித்தியாசம் என்ன என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நான் கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டிய வெப்பம், டயலில் தெரிவது அல்ல.

கூடவே ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசும் வாங்கிவிடுங்கள். ஏன் என்று தக்காளியில் சொல்கிறேன்.

கறிவேப்பிலையில் தொடங்குங்கள்

கை பழக இதைவிட எளிதானது இல்லை. உருவி, கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, மேல்தண்ணீர் போகும்வரை ஃபேனுக்கு அடியில் விடுங்கள். பிறகு தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இலைகள் பறந்து விசிறியில் ஒட்டாமல் இருக்க மேலே ஒரு வலைத்தட்டைக் கவிழ்த்து வைப்பது நல்லது. 40 டிகிரி போதும். வாசனை எண்ணெய் பறக்காது, பச்சை நிறமும் நிற்கும். மழைக்காலத்தில் மட்டும் 45, 50 வரை ஏற்றலாம், ஏனென்றால் 40 டிகிரியில் காற்றுக்குப் போதிய தாகம் வராது. கையில் எடுத்து நொறுக்கினால் சருகு மாதிரி உடைய வேண்டும். மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. முருங்கைக்கீரை, புதினா, வெந்தயக்கீரை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒரு கிலோ முருங்கை இலை காய்ந்து பொடியானால் கால் கிலோகூடத் தேறாது.

தக்காளியும் தராசும்

பெங்களூர்த் தக்காளி நல்லது. சதை கெட்டி, சாறு குறைவு. நாட்டுத் தக்காளிக்கு ருசி அதிகம், ஆனால் தட்டு முழுக்க வழியும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது முக்கியம், மெல்லியது காய்ந்து கருகுவதற்குள் தடித்தது காயாது. கத்தி கை வராதவர்கள் ஸ்லைசர் வைத்துக்கொள்ளலாம். விரல் காவலை மறக்காமல் மாட்டுங்கள். துண்டோடு துண்டு தொடக்கூடாது. 57 முதல் 60 டிகிரி. 8 முதல் 12 மணி நேரம் ஆகும்.

அந்த 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். நேரம் பழத்தைப் பொறுத்தது, தட்டின் நெருக்கத்தைப் பொறுத்தது, அன்றைய மழையைப் பொறுத்தது. அதனால் கடிகாரத்தை நம்பாமல் எடையை நம்புங்கள். கணக்கு சுலபம். தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். அதாவது ஒரு கிலோவில் 60 கிராம்தான் சரக்கு. நன்கு காய்ந்த காயில் 10 சதவீத ஈரம் இருக்கலாம் என்று வைத்தால், 60-ஐ 0.9-ஆல் வகுத்தால் 67 கிராம். நறுக்கியதும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ போட்டது 70 கிராம் பக்கம் வந்துவிட்டால் முடிந்தது. 90 கிராம் காட்டினால், தொட்டுப் பார்க்க எவ்வளவு காய்ந்தது போலிருந்தாலும் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

இதே கணக்கை எதற்கும் போடலாம். உரித்த வாழைப்பழத்தில் 75 சதவீதம் தண்ணீர். பழங்களுக்கு 20 சதவீத ஈரம் இருக்கலாம் என்பதால் 250-ஐ 0.8-ஆல் வகுக்க, ஒரு கிலோ சுமார் 310 கிராம் ஆக வேண்டும். காய்ந்த தக்காளியை மிக்ஸியில் அடிக்கும் முன் நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு அடித்தால் பொடி அடியில் கட்டி தட்டும்.

பாதி காய்ந்த தட்டுகளுக்கு நடுவே புதிதாக நறுக்கியதைச் செருகாதீர்கள். காய்ந்தது அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வெங்காயமும் வாழைப்பழமும் ஒன்றாகவும் வேண்டாம். நான் ஒருமுறை செய்து, வெங்காய வாடையில் வாழைப்பழம் தின்றேன்.

மோர் மிளகாயில் நான் பட்ட பாடு

எந்திரம் வந்த முதல் மாதமே மோர் மிளகாயில் இறங்கினேன். சீக்கிரம் முடியட்டும் என்று 70 டிகிரியில் வைத்தேன். ஐந்து மணி நேரத்தில் தோல் விறைத்து, உரசினால் சத்தமும் வந்தது. ஆஹா என்று பாட்டிலில் போட்டு மூடினேன். இரண்டு வாரத்தில் திறந்தால் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம். அரை கிலோ மிளகாயும் குப்பைக்குப் போனது.

நடந்தது இதுதான். வெப்பம் அதிகமானால் மேல்தோல் முதலில் காய்ந்து ஓடாக இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி அடைபடும். வெளியே கலகல, உள்ளே சொதசொத. அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் நேரம் மிச்சமாகாது, பூஞ்சணம்தான் மிச்சம்.

இப்போது நான் செய்வது இப்படி. குண்டு மிளகாய் அல்லது காரம் குறைந்த நீள மிளகாய் அரை கிலோ. கழுவித் துடைத்து, காம்பை விட்டுவிட்டு நடுவில் ஒரு கீறல். புளித்த கெட்டி மோர் அரை லிட்டர், கல் உப்பு 60 கிராம், கொஞ்சம் வெந்தயப் பொடி, பெருங்காயம். இதில் இரண்டு இரவு ஊறட்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை குலுக்கிவிடுங்கள். மூன்றாம் நாள் காலை வடித்து, தட்டில் அடுக்கி, 55 டிகிரியில் 6 மணி நேரம். மீதி மோர் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மாலை மிளகாயைத் திரும்ப அதே மோரில் போடுங்கள். பாதி உலர்ந்த மிளகாய் மோரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மறுநாள் மறுபடி தட்டுக்கு. மோர் தீரும்வரை இப்படி மூன்று நாள், கடைசியாக ஒரே மூச்சாகக் காயவிடுங்கள். பச்சை போய் வெளிறிய வைக்கோல் நிறம் வரும். ஒரு மிளகாயை நடுவில் ஒடித்துப் பாருங்கள். விதை உதிர வேண்டும், உள்சுவரில் ஈரப்பளபளப்பு இருக்கக்கூடாது.

மிளகாயைத் தயவுசெய்து பால்கனியில் வைத்துக் காயவையுங்கள். கூடத்தில் வைத்தால் வீடே இருமும்.

மற்ற வத்தல்கள்

சுண்டைக்காயைக் கல்லால் ஒரு தட்டுத் தட்டி வாய் பிளக்கவிட்டு, உப்பு மோரில் ஊறவைத்து, மிளகாய் போலவே செய்யுங்கள். மணத்தக்காளி சிறியது, ஆனால் தோல் மெழுகு போல ஈரத்தைப் பிடித்துவைக்கும். கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்தால் தோல் விரிந்து சீக்கிரம் காயும். கொத்தவரங்காயை உப்பு, மஞ்சள் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, 55 டிகிரியில். பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் வட்டமாக நறுக்கி அப்படித்தான். புளிப்பு மாங்காயை உப்பில் ஓர் இரவு பிசிறி வைத்துக் காயவைத்தால் மாவத்தல்.

கேரட், பீன்ஸ், பட்டாணி, காலிஃப்ளவர் போன்றவற்றை மூன்று நான்கு நிமிடம் ஆவியில் காட்டி, குளிர்ந்த தண்ணீரில் போட்டெடுத்துத் துடைத்த பிறகு காயவையுங்கள். காய்க்குள் இருக்கும் நொதிகள் அடங்காவிட்டால் காய்ந்த பிறகும் நிறமும் மணமும் மெல்லக் கெட்டுக்கொண்டே போகும். வெங்காயம், பூண்டு, காளான், மிளகாய்க்கு இது வேண்டாம். இஞ்சியைத் தோல் சீவி மெல்லியதாக நறுக்கிக் காயவைத்தால் வீட்டுச் சுக்கு.

கூழ் வடாம் இதில் வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஷீட் போட்டு ஊற்றினால் வரும். ஆனால் ஆறு தட்டில் கொள்வது ஒரு வீட்டின் ஒரு வார வடாம்கூட இல்லை. அதற்கு மே மாதத்தில் யார் வீட்டு மாடியாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பழங்கள்

வாழைப்பழத்தில் ஏமாற்றம் வருவது எதிர்பார்ப்பால்தான். நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெயில் பொரித்தது. இங்கே கிடைப்பது மொறுமொறுப்பு அல்ல, தோல் போல வளையும், மெல்ல மெல்ல இனிக்கும் துண்டு. பழுத்து, இன்னும் கறுப்புப் புள்ளி விழாத பழமாக எடுத்து 6 மில்லிமீட்டரில் நறுக்குங்கள். கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சரிபாதி கலந்து பத்து நிமிடம் போட்டு வடியுங்கள். 57 டிகிரி. சப்போட்டா, அன்னாசி, பப்பாளி, பலாச்சுளை எல்லாமே நன்றாக வரும். என் கட்சி சப்போட்டா. காய்ந்ததும் பனைவெல்லம் போல ஒரு ருசி.

மாம்பழ சீசனில் எந்திரத்துக்கு ஓய்வே கிடையாது. ஆந்திரத்தில் மாமிடி தாண்ட்ரா என்பார்களே, அதுதான். நார் இல்லாத பங்கனபள்ளி போன்ற பழத்தை அடித்து வடிகட்டி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஷீட்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். ஓரம் முதலில் காய்ந்து விறைத்துவிடும் என்பதால் ஓரத்தைச் சற்றுத் தடிப்பாகவும் நடுவைச் சற்று மெல்லியதாகவும் விடுங்கள். 60 டிகிரியில் 6 முதல் 10 மணி நேரம். நடுவில் விரலை அழுத்தினால் பள்ளமும் விழக்கூடாது, ஒட்டவும் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே உரித்துச் சுருட்டுங்கள். கனமான தாண்ட்ரா வேண்டுமானால் காய்ந்த படலத்தின்மேலேயே மறுநாள் இன்னொரு படலம் ஊற்றலாம். கூழில் தேன் சேர்ப்பவர்கள் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பழங்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு வேலை உண்டு. ஒரே தட்டில் காய்ந்தாலும் ஒரு துண்டில் ஈரம் கூட, ஒன்றில் குறைய இருக்கும். ஆறியதும் கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு வரை தளர்வாகப் போட்டு மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் குலுக்குங்கள். ஈரம் துண்டுகளுக்குள் பகிர்ந்துகொள்ளும். உள்சுவரில் வியர்வை போல நீர் படிந்தால் மறுபடி எந்திரத்தில் வையுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் அந்த ஜாடி முழுவதையும் கொட்டுங்கள், பொறுக்கி எடுத்துத் தின்ன வேண்டாம்.

உப்புக்கண்டமும் சில எச்சரிக்கைகளும்

ஆட்டுக்கறி உப்புக்கண்டம் போட ஆசைப்படுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ஈரம் ஆவியாகும்போது கறியின் மேற்பரப்பு குளிர்ந்தே இருக்கும். எந்திரம் 60 காட்டினாலும் கறிக்குள் அந்தச் சூடு போய்ச்சேர நேரமாகும். அதற்குள் கிருமிகள் உலர்ந்த சூட்டுக்குப் பழகிவிடும், பிறகு எளிதில் சாகாது. அதனால் முதலில் உப்பு, மஞ்சளோடு வேகவைத்துத் துண்டின் நடுவெப்பம் 71 டிகிரியைத் தொட வேண்டும், கோழி என்றால் 74. அதன்பின் 55 முதல் 60 டிகிரியில் உலர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பச்சை முட்டையை வீட்டில் உலர்த்தவே வேண்டாம். கொழுப்பு உள்ள எதுவும் காய்ந்த பிறகு சிக்கு வாடை அடிக்கும். கறியின் கொழுப்பையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

எடுத்து வைப்பது

எந்திரத்தை நிறுத்தியதும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பாட்டிலில் போட்டுவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்து போட்டால் சென்னைக் காற்று ஒரே இரவில் நமத்துப்போகச் செய்துவிடும். சின்னச் சின்னப் பாட்டில்களாக இருக்கட்டும். பெரிய ஜாடியைத் தினம் திறந்தால் தினம் ஈரம் ஏறும். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடுங்கள், தேதியை எழுதி ஒட்டுங்கள், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். காய்ந்த பழம் 16 டிகிரி அறையில் ஒரு வருடம் நிற்கும், 27 டிகிரியில் ஆறு மாதம். காய்கள் அதில் பாதி. நம் சமையலறை பெரும்பாலும் 30-ஐத் தாண்டும் என்பதால் நான் பழத்தை நாலு மாதத்தில் தீர்த்துவிடுவேன், பொடிகளை ஃப்ரிட்ஜில் வைப்பேன். உப்பு மோரில் ஊறிய வத்தல்கள் இதைவிட அதிக நாள் தாங்கும்.

வேலை முடிந்த தட்டுகளை உடனே வெந்நீரில் ஊறப்போடுங்கள், முக்கியமாக மாம்பழம் காய்ந்த ஷீட்டுகளை. காய்ந்து ஒட்டிய பிறகு சுரண்டினால் வலை கிழியும். மிளகாய்த் தட்டுகளைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழுவியதைத் துடைக்க வேண்டியதில்லை; எந்திரத்திலேயே அடுக்கிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் அவையும் காய்ந்துவிடும்.